விட்டுப்போன இருபத்து மூன்று அதிகாரங்கள்

1

நம் சபை இதழுக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி ஆயர் கடிதம் போட்டிருந்தார். ஒரு வருடத்துக்குள் வேதாகமத்தை முழுதும் வாசிக்க எந்த மொழிபெயர்ப்பு தோது, கூட வைத்துக்கொள்ள எந்தத் தினத் தியானப் புத்தகம் வாங்கலாம், வெளிநாட்டில் வேலைக்குப் போய்க்கொண்டே நான் எப்படி வாசித்து முடித்தேன், இவ்வளவும் ஒரே பக்கத்தில். இளைஞர்களுக்கு ஊக்கமாக இருக்குமாம்.

கடிதம் அம்மா அனுப்பிய பார்சலுக்குள் இருந்தது. அது மெல்பர்னில் என் கைக்கு வருவதற்கு முன்பே அரசாங்கம் பிரித்துப் பார்த்துவிட்டது. இந்த நாட்டுக்குள் விதை, இலை என்று எது வந்தாலும் அவர்களுக்குச் சந்தேகம். அம்மா துணியில் முடிந்து வைத்திருந்த கறிவேப்பிலைப் பொடியை எடுத்துக்கொண்டு, எடுத்ததற்கு ஒரு சீட்டை வைத்து, பச்சை டேப் ஒட்டி அனுப்பியிருந்தார்கள். மிஞ்சியது ஆயரின் கடிதமும் 2004-க்கான தியானப் புத்தகமும்தான். புத்தகத்தில் பொடி வாசனை மட்டும் இருந்தது. அதை அவர்களால் எடுக்க முடியவில்லை.

ஒரு பக்கத்தில் என்னால் முடியாது, ஐயா. எந்த மொழிபெயர்ப்பு என்று கேட்டால் நான் அதைத் தேர்ந்தெடுத்த விதத்தைச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால், எங்கப்பாவிடம் ஒன்பது மாதம் பொய் சொன்னதையும் சொல்ல வேண்டும். வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் அதன் முடிவைக் கேட்டபோது பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள். மீதிப் பேருக்காக முதலிலிருந்து எழுதுகிறேன்.

2

2001 டிசம்பரில் ஊருக்கு வந்திருந்தேன். அப்பாவின் கண் அப்போது வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. கண்ணுக்குள் அழுத்தம். மிச்சமிருக்கிற பார்வையை நடக்கவும் சாப்பிடவும் வைத்துக்கொள்ளுங்கள், அச்செழுத்தை மறந்துவிடுங்கள் என்று சென்னையில் பார்த்த டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார்.

எங்கப்பா அருளானந்தம் ரயில்வேயில் டைம் கீப்பராக இருந்தவர். தண்டவாளம் பார்க்கிற ஆட்கள் காலையில் செங்கல்பட்டு ஜங்ஷனில் கூடுவார்கள். அப்பா மஸ்டர் ரோலை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். கூப்பிட்ட பெயருக்குக் கை தூக்கினால்தான் அவன் அன்று வேலைக்கு வந்தவன். முப்பது வருடம் இதைச் செய்தார். தினமும் வேலைக்குப் போகுமுன், ஐந்து மணிக்கு எழுந்து வேதாகமம். ஜனவரி முதல் தேதி ஆதியாகமத்தில் ஏறினால் டிசம்பர் கடைசியில் வெளிப்படுத்தலில் இறங்குவார். கல்யாணம் ஆன வருடத்திலிருந்து ஒரு வருடம்கூடத் தவறியதில்லை. வருடக் கடைசி ஞாயிறன்று, முழுதும் வாசித்து முடித்தவர்களின் பெயர்களை நம் சபையில் படிக்க, அவரவர் கை தூக்குவார்களே, அதில் அவர் பெயர்தான் எப்போதும் முதலில்.

அம்மாவைப் படித்துக் காட்டச் சொல்லலாம் என்றால், அம்மாவுக்கு ஐந்தாம் வகுப்பு. ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுத் தொட்டுப் படிப்பாள். "நான் ஒரு அதிகாரம் முடிக்கிறதுக்குள்ள உங்கப்பாவுக்கு மறுபடியும் தூக்கம் வந்துடும்," என்று அவளே கழன்றுகொண்டாள்.

நான் தினமும் போன் பண்ணிப் படிக்கிறேன் என்று அந்த நிமிடமே சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்கிற வழக்கம் எனக்கு எப்போதும் கிடையாது.

சர்ச் வராந்தாவில் போட்டிருந்த புத்தக மேசைக்கு அப்பாவைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனேன். தியானப் புத்தகத்தில் சண்டை வரவில்லை. நாளுக்கு ஒரு பக்கம், கதை கிதை இல்லாமல் ஒரு வசனமும் சின்ன ஜெபமும், அடியில் அன்றைக்கு வாசிக்க வேண்டிய அதிகாரங்கள், பழைய ஏற்பாட்டில் கொஞ்சம், புதிய ஏற்பாட்டில் கொஞ்சம். அப்படி ஒன்றை எடுத்து, அவருக்கு ஒரு பிரதி, எனக்கு ஒரு பிரதி வாங்கினோம். சண்டை வேதாகமத்தில் வந்தது. அப்பாவிடம் இருப்பது பழைய மொழிபெயர்ப்பு. மேசையில் புதிய மொழிபெயர்ப்பு ஒரே ஒரு பிரதி இருந்தது. வாக்கியங்கள் குட்டை, இன்றைய தமிழ், நல்ல காகிதம். அதையும் வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து ஒரு நாளைய பகுதியை இரண்டிலும் உரக்கப் படித்தேன், கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்துக்கொண்டு. பழையதில் பத்தொன்பது நிமிடம், புதியதில் பதினைந்து.

"ரெண்டு பேரும் ரயிலு டைமா பாக்குறீங்க?" என்று அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள்.

அப்பா பழையதுதான் வேண்டும் என்றார். "அதுல கால் வெச்சா அடுத்த படி எங்க கீதுன்னு எனக்குத் தெரியும்மா. கண்ணு போனவனுக்கு அதான் வோணும்."

ஆபீசில் எனக்குக் கிடைப்பது இருபது நிமிட இடைவேளை, அதில் லைன் கிடைக்கவே மூன்று நிமிடம் போய்விடும் என்று நான் கணக்காகப் பேசினேன். இப்போது நினைத்தால் கூசுகிறது. எந்த வேதாகமம் என்பதை நான் ஒரு கடிகாரத்திடம் கேட்டு முடிவு செய்தேன்.

அப்பா கொஞ்ச நேரம் தொடையைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "படிக்கிறவ நீ. நீ சொல்றதே இருக்கட்டும். ஒண்ணே ஒண்ணு. எதையும் வுடக் கூடாது."

பழையது அவர் தலைமாட்டிலேயே தங்கியது. புதியது, வாங்கிய ஒரே பிரதி, என் பெட்டியில் ஏறியது.

3

செங்கல்பட்டில் காலை ஆறு என்றால் மெல்பர்னில் முற்பகல் பதினொன்றரை, குளிர்காலத்தில் பத்தரை. நான் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் விண்ணப்பங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறேன். வந்த புதிதில் நிரப்பிய முதல் படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. நமக்கேது குடும்பப் பெயர்? இனிஷியலை விரித்து அப்பா பெயரை எழுதிவிட்டேன். அதனால் ஆபீசில் கிருபா என்று ஒருத்தி இல்லை. மேலாளர் அறை வாசலில் நின்று "அருளானந்தம்!" என்று கூப்பிடுவார், நான் எழுந்து போவேன்.

இடைவேளைக்கு மணி ஆனதும் பின்பக்கப் படிக்கட்டுக்கு ஓடுவேன். மடியில் புத்தகம், காதில் போன். போன் கார்டில் இருக்கிற பெண் குரல் இன்னும் எத்தனை நிமிடம் பாக்கி என்று சொல்லிவிட்டுத்தான் லைனை விடும். அப்பா முதல் மணியிலேயே எடுப்பார். நலம் விசாரிப்பு கிடையாது. "ம், படி" என்பார். அதிகாரம் முடிந்தால் ஒரு "ம்". பின்னால் ஆறேகால் பாசஞ்சர் ஊதிக்கொண்டு போவது கேட்கும்.

பிப்ரவரியில் ஒருநாள் மத்தேயுவில் நிறுத்தினார். "ஒரு வசனம் வுட்டுட்டியே."

நான் விடவில்லை. இருபதுக்குப் பிறகு இருபத்திரண்டு என்றுதான் அச்சாகியிருந்தது. இருபத்தொன்றாம் வசனத்தைப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் தள்ளியிருந்தார்கள். பழைய கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் அது இல்லையாம். அப்பாவுக்கு விளக்கிச் சொன்னேன். அவருக்கு மனசு ஆறவில்லை. அடியில் இருப்பதையும் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். இந்தப் புத்தகத்தில் சிலது இடம் மாறும் என்று அவருக்கு அன்று பதிந்துவிட்டது. எனக்கும் ஒன்று பதிந்தது, அது அப்போது எனக்கே தெரியாது.

மார்ச்சில் எண்ணாகமம் வந்தது. ஜனங்களை எண்ணுகிற புத்தகம். இன்னாரின் மகன் இன்னார், அவன் வம்சத்தில் இத்தனை பேர் என்று பக்கம் பக்கமாக. அன்று லைன் கிடைக்கத் தாமதம். பாதி வழியில் மேல்மாடிக் கதவு திறந்து "அருளானந்தம்!" என்று சத்தம் வந்தது. முன்னால் ஒன்றரைப் பக்கம் பெயர்கள். என் கண் தானாகக் கடைசிக்குப் போயிற்று. மொத்தத் தொகையைப் படித்துவிட்டு நிறுத்தினேன்.

"பேரெல்லாம் எங்கம்மா?" என்றார் அப்பா.

"இதுல சுருக்கிட்டாங்க நைனா. மொத்தம் மட்டும்தான் போட்டிருக்காங்க."

"கீழ? பொடி எழுத்துல?"

"அங்கயும் இல்ல."

"பெரிய படிப்பு படிச்சவங்க செஞ்சிருக்காங்க. காரணம் இருக்கும்," என்றார்.

மறுநாள் இன்னொரு பட்டியல். பொய் ஏற்கெனவே தயாராக இருந்தது. விட்ட அதிகாரத்தின் தலையில் பென்சிலால் சின்னதாக ஒரு கோடு போட்டேன், நேரம் கிடைக்கும்போது சேர்த்துப் படித்துக் காட்டலாம் என்று. யோசுவாவில் ஊர்ப் பெயர்கள், நாளாகமத்தில் முதல் ஒன்பது அதிகாரமும் வம்ச வரலாறு, எஸ்றாவில் திரும்பி வந்தவர்களின் பட்டியல். கோடுகள் கூடிக்கொண்டே போயின. நேரம் கிடைக்கவே இல்லை.

4

பெயர் விஷயத்தில் அப்பாவிடம் நான் மாட்டியது அது முதல் தடவை இல்லை.

1990-ல், நான் பத்தாவது படிக்கும்போது, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை மாமல்லபுரத்துக்கு பஸ்ஸில் கூட்டிப்போனார்கள். கணக்குப் பார்த்து ஏற்றுவது அப்பா பொறுப்பு. சாயங்காலம் ஐந்து ரதத்துக்குப் பக்கத்தில் பஸ் நின்றது. அப்பா முன்படியில் நின்று பெயர் கூப்பிட்டார். என் சிநேகிதி ஸ்டெல்லா கடற்கரைக் கோயில் பக்கம் சிப்பி மாலை பேரம் பேசிக்கொண்டிருந்தாள். ஐந்தே நிமிடத்தில் வந்துவிடுகிறேன், சமாளிடி என்று சொல்லியிருந்தாள். அவள் பெயர் வந்தது. பின் சீட்டில் குனிந்துகொண்டு குரலை மாற்றி "இருக்கேன்" என்றேன். எப்படியும் பஸ் கிளம்ப நேரமாகும் என்று நினைத்தேன். பஸ் உடனே கிளம்பிவிட்டது.

சொல்லப் பயம். திருக்கழுக்குன்றத்து மலை கண்ணில் படும்வரை வாயைத் திறக்கவில்லை. பிறகு அழுதுகொண்டே சொன்னேன். பஸ் திரும்பியது. கடையெல்லாம் மூடத் தொடங்கியிருந்த இடத்தில் ஸ்டெல்லா ஒரு கல்லின் மேல் மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா என்னை அடிக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து பெயர் கூப்பிட்டார். என் பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு நொடி நின்றார், அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

"நைனா, நான்?" என்றேன்.

"இல்லாதவளுக்குப் பதில் சொல்றவ இருந்தா இன்னா, இல்லாங்காட்டி இன்னா?" என்றார். செங்கல்பட்டு வரைக்கும் பஸ்ஸில் நான் இல்லாதவளாகத்தான் வந்தேன்.

இதெல்லாம் தெரிந்தவள்தான் எண்ணாகமத்தில் பெயர்களை விட்டது.

என் மகள் கெசியாவுக்கு 2002-ல் ஐந்து வயது. தமிழ் கேட்டால் புரியும், வாயைத் திறந்தால் இங்கிலீஷ். ஒரு சனிக்கிழமை வீட்டிலிருந்து படித்துக்கொண்டிருந்தேன், நாளாகமம். பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தவள் தலையைத் தூக்கி, அம்மா நாலு பக்கத்தைச் சேர்த்துத் திருப்பிவிட்டாள் என்று இங்கிலீஷில் சத்தமாகச் சொன்னாள். அப்பா ரயில்வேக்காரர், இங்கிலீஷ் தெரியும். நான் போனின் வாயைப் பொத்தினேன்.

"பாப்பா இன்னா சொல்லிச்சு?"

"வெளயாடுறா நைனா."

போனை வைத்ததும் அந்தப் பக்கங்களில் என்ன இருந்தது என்று கெசியா கேட்டாள். ஒன்றுமில்லை, வெறும் பேருங்க என்றேன்.

மூன்று வாரம் போயிருக்கும். பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் தன் பெயர் இனி கே என்று அறிவித்தாள். டீச்சருக்கு கெசியா என்று வாயில் வரவில்லையாம், வருகைப் பதிவில் அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டாராம், இவளும் கை தூக்கிவிட்டாளாம். நான் கத்தினேன். தாத்தா பார்த்து வைத்த பெயர், அதை எப்படி விடலாம் என்றேன். அவள் என்னை நிதானமாகப் பார்த்து, வெறும் பேருதானே என்றாள்.

5

டிசம்பர் வந்தது. அந்த வருடம் புதிதாக வந்திருந்த நம் ஆயர், ஜனவரியிலிருந்து சபையே சேர்ந்து ஒரே மொழிபெயர்ப்பில் வருட வாசிப்புத் தொடங்கலாம் என்று கமிட்டியில் பேச்செடுத்தார். புதிய மொழிபெயர்ப்பில் ஐம்பது பிரதி வரவழைக்கலாம் என்றார். அப்பா எழுந்து நின்றிருக்கிறார்.

இது எனக்கு ஒரு புதன்கிழமை தெரிந்தது. வாசிப்பு முடிந்ததும் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு பெருமையாகச் சொன்னாள். அந்தப் புத்தகத்தில் பெயர்களையெல்லாம் எடுத்துவிட்டார்கள், வருடம் முழுதும் கேட்டவன் நான் சொல்கிறேன் என்று அப்பா சொன்னாராம். பெரியவர்கள் எல்லோரும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்களாம்.

"ஆயரு அப்படி இருக்காதே ஐயான்னாரு. உங்கப்பா வுடல. எம்பொண்ணு எழுத்தெழுத்தா படிச்சிகினு வர்றா, அவ சொல்லித்தான் எனக்கே தெரியும்னுட்டாரு. ஞாயித்துக்கெழம ஆயரு சென்னையிலேர்ந்து அந்தப் புஸ்தகத்த எடுத்துகினு வராராம். ஆராதன முடிஞ்சதும் எல்லாருக்கும் எதிர்ல தொறந்து பாக்கப் போறாங்க."

மடியில் இருந்த புத்தகத்தில் அத்தனை பெயரும் இருந்தன.

வியாழன் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். அப்பா அன்று வழக்கத்துக்கு மாறாகப் பேச்சுக் கொடுத்தார். ஆயர் நல்ல மனிதர், வயசுப்பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை அவர் முகம் சுண்டிப்போகுமே என்று அவருக்கு ஆயரைப் பற்றிக் கவலை. நான் வாயைத் திறந்தேன். மேல்மாடிக் கதவு திறந்தது. "அருளானந்தம்!"

வெள்ளிக்கிழமை லைனே கிடைக்கவில்லை. அந்தப் பக்கம் புயல் மழை, இந்தத் தடத்தில் எல்லா லைனும் உபயோகத்தில் உள்ளன என்று ஒரே பதிலை இருபது முறை கேட்டேன். சாயங்காலமும் இல்லை. என் கணவர் செல்வின், ஆயருக்கே நேராகச் சொல்லிவிடலாமே என்றார். அப்படிச் செய்தால் அப்பா தெரியாமல் போய் நிற்பார், ஆயர் தெரிந்தே புத்தகத்தை மூடி வைத்துக்கொள்வார். அதைவிடக் கேவலம் எங்கப்பாவுக்கு வேறில்லை.

6

சனிக்கிழமை, முதல் முயற்சியிலேயே மணி அடித்தது.

"நேத்து வரலியே. ரெண்டு நாளு வாசிப்பு பாக்கி. ம், படி."

"நைனா, ஆயரு நாளைக்கு அந்தப் புஸ்தகத்தத் தொறந்தாருன்னா அதுல எல்லாப் பேரும் இருக்கும்."

"இருக்கும்னா?"

"யாரும் எதையும் எடுக்கல. நான்தான் படிக்கல."

பாசஞ்சர் வந்தது. முழு ரயிலும் போய் முடிந்தது. கார்டில் நிமிடம் கரைந்துகொண்டிருந்தது. நான் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எத்தினி?"

"இருவத்தி மூணு அதிகாரம். கோடு போட்டு வெச்சிருக்கேன்."

"ஏம்மா?"

"நேரம் பத்தல நைனா."

"மழை கொட்டும். ஷெட்டுக்குள்ள நின்னுகினு மஸ்டர் படிப்பேன். நான் ஒருத்தன் பேர வுட்டா, அவன் எதிர்லயே நின்னாலும் அன்னிக்கு அவன் வரலைன்னுதான் ஆவும். அது தெரியும் இல்ல உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் வுட்டியா?"

மாமல்லபுரத்தை இழுப்பார் என்று காத்திருந்தேன். இழுக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"எண்ணாகமத்துலேர்ந்து ஆரம்பி," என்றார்.

படித்தேன். ஒவ்வொரு பெயராக, வாய் குளறக் குளற. கார்டு நடுவில் தீர்ந்து லைன் அறுந்தது. செல்வின் ஓடிப்போய்த் தெருமுனைக் கடையில் இன்னொன்று வாங்கி வந்தார். மறுபடி கூப்பிட்டபோது அப்பா கேட்டது ஒன்றுதான், எந்தப் பேரில் விட்டாய் என்று. அந்தப் பேரிலிருந்து தொடர்ந்தேன். இரண்டாவது கார்டும் தீர்ந்தபோது ஆறு அதிகாரம் முடிந்திருந்தது. நாளைக்கு என்ன செய்யப் போகிறார் என்று அவர் சொல்லவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுதும் நான் வீட்டுக்குள் நடந்தேன். இந்நேரம் ஆராதனை தொடங்கியிருக்கும், இந்நேரம் பிரசங்கம், இந்நேரம் ஆயர் புத்தகத்தை எடுத்திருப்பார். நாலரைக்குக் கூப்பிட்டேன். அம்மா எடுத்தாள்.

"எனக்கு மானமே போச்சு. மூணாவது பெஞ்சுல உக்காந்துகினு கீறேன். ஆயரு புஸ்தகத்தத் தொறக்கறதுக்கு முன்னாடியே உங்கப்பா எழுந்து நின்னுட்டாரு."

அப்பா என்ன சொன்னார் என்பதை அவள் அப்படியே சொன்னாள்: நான் சொன்னது தப்பு. புத்தகத்தில் பெயரெல்லாம் இருக்கிறது. என் பெண் அவசரத்தில் விட்டுவிட்டாள், அது தெரியாமல் நான் பேசிவிட்டேன். ஆயர் மன்னிக்க வேண்டும். இந்த வருடம் முடித்தவர்கள் பட்டியலில் என் பெயரைச் சேர்க்க வேண்டாம். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்களாம். ஆயர் சிரிக்கவில்லையாம்.

அப்பாவிடம் போனைக் கொடு என்றேன். படுத்திருக்கிறார் என்றாள். பகலில் படுக்கிறவர் இல்லை அவர்.

அன்று வாசிப்பு இல்லை. இனிமேலும் இல்லை என்று எனக்குள் உறுதியாகிவிட்டது. இருந்தாலும் திங்கள்கிழமை படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். பழக்கத்தில் விரல் எண்களை அழுத்தியது. முதல் மணியிலேயே எடுத்தார்.

"பதினேழு பாக்கி கீது," என்றார். "ம், படி."

7

அந்தப் பதினேழும் முடிய ஜனவரி முதல் வாரம் ஆகிவிட்டது. அதனால் 2002-ல் அவர் பெயர் படிக்கப்படவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு முதல் முறையாக, வருடக் கடைசி ஞாயிறுப் பட்டியல் வேறு யாரோ ஒருவரின் பெயரில் தொடங்கியதாம்.

2003-க்கு எந்த மொழிபெயர்ப்பு என்று நானே கேட்டேன். பழையதை அனுப்பச் சொல்லி, அதிலேயே படிக்கிறேன் என்றேன். அப்பா மறுத்துவிட்டார். புதியதே இருக்கட்டும், அதன் மேல் பழி போட்டது நாம்தான், அதையே முழுசாகக் கேட்கிறேன் என்றார். ஆனால் அந்தப் பக்கம் ஒரு ஏற்பாடு செய்தார். அம்மா பழைய மொழிபெயர்ப்பை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார வேண்டும். போனை நடுவில் பிடித்துக்கொள்வார்கள். நான் படிக்கப் படிக்க அம்மா வசனம் வசனமாக விரலை நகர்த்திக்கொண்டு வர வேண்டும்.

எனக்குச் சுருக்கென்றது. பத்து நாளில் சரியாகிவிட்டது, ஏனென்றால் அம்மாவின் சண்டை என்னோடு இல்லை, புத்தகத்தோடு.

"ஏய், இங்க 'அல்லாமலும்'னு கீது. நீ சொல்லவே இல்ல."

"அது நடை. வுடு," என்பார் அப்பா. "பேரு வந்துச்சா?"

"வந்துச்சு."

"அப்ப போ."

ஆபீசில் இடைவேளையை அரைமணி ஆக்கித் தரும்படி விண்ணப்பித்தேன். அதற்கு ஒரு படிவம், காரணம் எழுத இரண்டு வரி இடம். உடல்நலம், குழந்தை, மதம், மற்றவை என்று நான்கு கட்டம் இருந்தது. எதில் டிக் போடுவது? மற்றவை என்று போட்டு, அப்பாவுக்குப் படித்துக் காட்ட என்று எழுதினேன். மூன்று வாரம் மூன்று மேசைக்குப் போய்த் திரும்பி வந்தது. அனுமதிக் கடிதத்தில், திரு. அருளானந்தம் அவர்களுக்கு என்று அச்சாகியிருந்தது. இந்த முறை திருத்தச் சொல்லி எழுதிப் போட்டேன். கெசியாவின் பள்ளிக்கூடத்துக்கும் போய், டீச்சருக்கு அவள் பெயரை மூன்று துண்டாக எழுதிக் கொடுத்துச் சொல்லிக் காட்டினேன். டீச்சர் இப்போது சரியாகக் கூப்பிடுகிறார். கெசியா சிலநாள் கை தூக்குகிறாள், சிலநாள் கே-தான் வேண்டும் என்கிறாள். அது நடந்துகொண்டிருக்கிறது.

ஆயர் கேட்டதற்குப் பதில் இதுதான். பழைய மொழிபெயர்ப்பு நல்லது, புதியதும் நல்லது. தியானப் புத்தகத்தில் பக்கம் குறைவானதை வாங்குங்கள், வேதாகமத்துக்கு நேரம் மிஞ்சும். கடையில் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். முடிந்தால் எதிரில் விரல் வைத்துக்கொண்டு உட்கார ஒரு ஆள் பிடியுங்கள், சண்டை போடுகிறவராக இருந்தால் ரொம்ப நல்லது.

போன மாதம், வருடத்தின் கடைசி ஞாயிறு. ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அம்மாவே என்னைக் கூப்பிட்டாள். ஊரிலிருந்து அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோய் எடுத்தேன். ஆயர் பட்டியல் படித்தாராம். முதல் பெயர் அருளானந்தம். ஐந்தாவதோ ஆறாவதோ எஸ்தர், அதாவது அம்மா. ஐந்தாம் வகுப்புக்காரி, ஆயுளில் முதல் தடவை. கை தூக்கத் தெரியாமல் எழுந்தே நின்றுவிட்டாளாம். பட்டியல் முடிந்து ஆயர் தாளை மடிக்கப் போனபோது அப்பாவும் எழுந்தாராம். போன வருடம்போல ஆகப் போகிறது என்று அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாளாம்.

"ஒரு பேரு வுட்டுப்போச்சு ஐயா," என்றாராம் அப்பா. "கிருபா."

ஆயர் தாளைப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னாராம், அவர் வெளிநாட்டில் இருக்கிறார், சபையில் இருக்கிறவர்கள் பெயரைத்தான் வழக்கமாகப் படிக்கிறோம், ஆள் வரவில்லையே ஐயா என்று.

"வரலைன்னு யாரு சொன்னது?" என்றாராம் அப்பா. "தெனமும் காலையில ஆறு மணிக்கு வந்துகினுதான் கீறா."